காடு போய் வீடு வர

நம் நாட்டில் காட்டை நம்பி வாழும் மக்கள் ஏராளம். விறகு எடுக்கப் போகிறார்கள். தேன் எடுக்கப் போகிறார்கள். புளி, நெல்லி, கடுக்காய் பொறுக்கப் போகிறார்கள். ஆடு மாடு மேய்க்கப் போகிறார்கள். காலையில் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். சில நாட்கள் காட்டிலேயே தங்குவதும் உண்டு.

காடு சோறு தரும். ஆனால் கவனம் தவறினால் உயிரையும் எடுத்துவிடும். காட்டுக்குப் போவது பெரிதல்ல. பத்திரமாக வீடு திரும்புவதுதான் பெரிது. அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கையில் என்ன இருக்க வேண்டும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பஸ்தர் காடு

சத்தீஸ்கர் மாநிலத்தின் தென்பகுதிக்குப் பஸ்தர் என்று பெயர். முன்பு அது ஒரே மாவட்டமாக இருந்தது. இன்று ஏழு மாவட்டங்களாக இருக்கிறது. எங்கு பார்த்தாலும் காடும் மலையும்தான். இந்திராவதி ஆறு அந்தக் காட்டுக்குள் ஓடிக் கோதாவரியில் சேருகிறது. கோண்டு, ஹல்பா, துருவா முதலிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அங்கே மகுவா என்று ஒரு மரம் உண்டு. அது வேறு ஒன்றுமில்லை. நம் ஊர் இலுப்பை மரத்தின் இனம்தான். 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அதே இனிப்பான பூ. மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியும் முன்பே பூ உதிரும். மக்கள் அதைப் பொறுக்கி உலர்த்தி விற்பார்கள். அது முடிந்ததும் தெண்டு இலை பறிக்கும் காலம் வரும். பீடி சுற்றும் இலைதான் தெண்டு இலை. அந்த இரண்டு மாத உழைப்பில்தான் துணிமணி, மருந்துச் செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம்.

காட்டில் பூவும் இலையும் எடுப்பது திருட்டு அல்ல. அது உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. காலங்காலமாகக் காட்டில் வாழ்பவர்கள் தேன், மூங்கில், தெண்டு இலை போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கலாம், விற்கலாம்.

அங்கே ஒரு கோண்டு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு ஒரு புது மருமகள் வந்திருக்கிறாள். அவள் எழுத்தறிவு வகுப்பில் படித்தவள். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காட்டின் ஒவ்வொரு மரமும் அவருக்குத் தெரியும். மருமகள் அவரை 'அத்தை' என்றே அழைப்பாள். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் கோண்டு மக்களிடமும் உண்டு.

கூடையில் என்ன இருக்கிறது?

பூ பொறுக்கப் போகும் முதல் நாள். இருட்டு விலகவில்லை. அத்தை கூடையை எடுத்து வைத்தார்.

"கூடையில என்னென்ன வைக்கணும் அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"கொஞ்சம்தான் வைக்கணும். ஆனா அந்தக் கொஞ்சத்துல ஒண்ணுகூடக் குறையக்கூடாது" என்றார் அத்தை.

முதலில் சுரைக்குடுக்கை. முற்றிய சுரைக்காயை உலர்த்தி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துச் செய்தது. பஸ்தரில் இதைத் 'தும்பா' என்பார்கள். இதில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். இன்னொரு குடுக்கையில் கேழ்வரகுக் கூழ். பசியும் தீரும், தாகமும் தீரும்.

அடுத்தது அரிவாள். அதன் வெட்டும் வாயில் துணி சுற்றியிருந்தது. கால் தடுக்கி விழுந்தால் அரிவாள் நம்மையே வெட்டிவிடும். அதனால்தான் துணி.

அடுத்தது ஆள் உயரக் கம்பு. புதரைத் தட்டிப் பார்க்கக் கம்பு வேண்டும். ஓடையில் ஆழம் பார்க்கவும் கம்பு வேண்டும்.

பிறகு ஒரு பழைய சேலை. வெயிலில் தலைக்குச் சுற்றலாம். பூவை மூட்டை கட்டலாம். அடிபட்டால் கட்டுப் போடலாம். ஒருவரைத் தூக்கிச் செல்லத் தூளியும் கட்டலாம்.

தீப்பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தார் அத்தை. வேர்வையும் மழையும் பட்டால் தீக்குச்சி நமத்துப் போகும்.

"கயிறு வேண்டாமா?" என்றாள் மருமகள்.

அத்தை சிரித்தார். "கயிறு காட்டுலேயே இருக்கு. சியாலிக் கொடியோட பட்டையை உரிச்சா கயிறு. அதோட இலையைத் தைச்சா தட்டு, தொன்னை. காட்டுல கிடைக்கிறதைச் சுமந்துக்கிட்டுப் போகாதே. கிடைக்காததைச் சுமந்துக்கிட்டுப் போ."

சியாலி இலை மந்தாரை இலை போலவே இருக்கும். ஆனால் அதைவிடப் பெரியது. மூங்கில் ஈர்க்கால் அதைத் தைப்பார்கள்.

மருமகளும் மூன்று பொருட்களைக் கூடையில் வைத்தாள். ஒரு டார்ச் விளக்கு. ஒரு விசில். ஒரு சிறு தாளும் பென்சிலும்.

"தாள் எதுக்கு? காட்டுல போய்ப் பாடம் படிக்கப் போறியா?" என்று அத்தை கேலி செய்தார். மருமகள் சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

சொல்லிவிட்டுப் போக வேண்டும்

கிளம்பும் முன் மருமகள் கரித்துண்டை எடுத்தாள். வீட்டுச் சுவரில் இப்படி எழுதினாள்:

'நான்கு பேர் போகிறோம். ஓடைக்கு வடக்கே உள்ள மகுவா மரங்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது திரும்புவோம்.'

அதன் கீழே 108, 112 என்ற எண்களையும் எழுதினாள். சத்தீஸ்கரிலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ் அழைக்க 108. நாடு முழுவதும் எந்த அவசர உதவிக்கும் 112.

காட்டில் ஒருவர் காணாமல் போனால் எங்கே தேடுவது? எந்தப் பக்கம் போனார், எப்போது திரும்புவதாகச் சொன்னார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாவிட்டால் ஊரே தேடினாலும் பலன் கிடைப்பது கடினம். எனவே சொல்லாமல் போகக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது.

வழி மறக்காமல் இருக்க

அத்தை நடந்துகொண்டே அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அத்தை திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

"போகும்போது தெரியுற காடு வேற. வரும்போது தெரியுற காடு வேற. ஒரே மரம்தான். அந்தப் பக்கம் பார்த்தா ஒரு மாதிரி இருக்கும், இந்தப் பக்கம் பார்த்தா வேற மாதிரி இருக்கும். திரும்பி வர்றப்போ எப்படித் தெரியும்னு இப்பவே பார்த்து வச்சுக்கணும்."

வழி பிரியும் இடங்களில் அத்தை ஒரு சிறு கிளையை ஒடித்துத் தொங்கவிட்டார். புற்று, பாறை, ஓடை என்று அடையாளம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

திசை தெரியாவிட்டால் என்ன செய்வது? இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு குச்சியைத் தரையில் நேராக நட வேண்டும். அதன் நிழலின் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும். சுமார் 20 நிமிடம் பொறுக்க வேண்டும். நிழல் நகர்ந்திருக்கும். புதிய நுனியில் இன்னொரு கல் வைக்க வேண்டும். முதல் கல் மேற்குப் பக்கம். இரண்டாவது கல் கிழக்குப் பக்கம். இது ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இரவில் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். ஆனால் நம் பகுதிகளில் அது வானத்தில் தாழ்வாகத் தெரியும். அடர்ந்த காட்டில் மரங்கள் அதை மறைத்துவிடும்.

வழி தவறிவிட்டால் பதறி ஓடக் கூடாது. ஓட ஓட இன்னும் தூரமாகத்தான் போவோம். உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். வந்த வழியை யோசிக்க வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் திரும்பி நடக்கலாம். தெரியாவிட்டால் அங்கேயே இருந்து மூன்று மூன்று முறையாக விசில் அடிக்க வேண்டும். கத்தினால் தொண்டை கட்டிவிடும். விசில் கட்டாது.

கரடி வந்தால்

மகுவாப் பூ மனிதருக்கு மட்டும் பிடித்ததல்ல. கரடிக்கும் மிகவும் பிடிக்கும். நாமும் விடியும் முன் போகிறோம். கரடியும் அதே நேரத்தில்தான் வருகிறது. அதனால்தான் பூக்காலத்தில் பலர் கரடியிடம் அடிபடுகிறார்கள்.

கரடிக்கு மோப்ப சக்தி அதிகம். கண்பார்வையும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் நாம் அருகில் போகும்வரை அதற்குத் தெரியாது. திடீரென்று பார்த்ததும் பயந்து பாயும். குட்டியோடு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எனவே அத்தை கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். மரத்தடிக்குப் போகும் முன் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சத்தம் கேட்டால் கரடி பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும்.

கரடியைப் பார்த்துவிட்டால் கல் எறியக் கூடாது. ஓடக் கூடாது. அதன் முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகர வேண்டும். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று நினைக்கக் கூடாது. கரடிக்கும் மரம் ஏறத் தெரியும். அது மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பின் கழுத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொள்ள வேண்டும். முகமும் கழுத்தும்தான் முதலில் காப்பாற்ற வேண்டிய இடங்கள்.

தண்ணீரும் வெயிலும்

வெயில் ஏறியது. குடுக்கையில் தண்ணீர் குறைந்தது. ஓடை வற்றிக் கிடந்தது. அத்தை ஓடை மணலைக் கையால் தோண்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறியது. பார்க்கத் தெளிவாக இருந்தது.

"இதை அப்படியே குடிக்கலாமா அத்தை?"

"நாங்க குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"தெளிவா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும்னு வகுப்புல சொன்னாங்க. வயிற்றுப்போக்கு வந்தா பூக்காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கணும்."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "சரி, காய்ச்சித்தான் குடிப்போம்" என்றார்.

மணல் அழுக்கை வடிகட்டும். கிருமியைக் கொல்லாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். ஆறியபின் குடிக்க வேண்டும். முடிந்தவரை வீட்டிலிருந்தே காய்ச்சிய நீரை எடுத்துப் போவது நல்லது.

வெயில் காலத்தில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அவ்வப்போது குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதுதான் அளவு.

வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பை ஈரத்துணியால் நனைத்து விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும். விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நெருப்பை விட்டுவிட்டு வரக் கூடாது

தண்ணீர் காய்ச்ச நெருப்பு வேண்டும். அத்தை ஓடை மணலில் அடுப்பு மூட்டினார். சுற்றிலும் இருந்த சருகுகளைத் தள்ளிவிட்டார். காற்று வரும் பக்கம் ஒரு கல்லை வைத்து மறைத்தார்.

வேலை முடிந்ததும் நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றினார். குச்சியால் கிளறினார். மறுபடியும் ஊற்றினார். கடைசியில் புறங்கையை மெல்லச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். சூடு இல்லை. அதன் பிறகுதான் எழுந்தார்.

பக்கத்து மரத்தடியில் சிலர் சருகுகளுக்குத் தீ வைக்கப் போனார்கள். தரை சுத்தமானால் பூ பொறுக்குவது சுலபம். பழைய பழக்கம் அது. ஆனால் அந்தத் தீ காட்டுக்குப் பரவும். சிறு கன்றுகள் கருகும். தெண்டுச் செடியும் கருகும். அடுத்த மாதம் பறிக்க வேண்டிய இலையை இந்த மாதமே எரிப்பது யாருக்கு நஷ்டம்? காப்புக் காட்டில் நெருப்பு வைப்பது 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சருகைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளலாம். மரத்தடியில் வலை கட்டலாம். வலையில் விழும் பூவில் மண் ஒட்டாது. சுத்தமான பூவுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

பாம்பு கடித்தால்

அப்போது ஓர் அலறல் கேட்டது. கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன் கையை உதறினான். அவனுக்கு 14 வயது. சருகுக் குவியலைக் கம்பால் தட்டாமல் கையால் அள்ளிவிட்டான். கண்ணாடி விரியன் கையில் கடித்துவிட்டது.

"மந்திரவாதியைக் கூப்பிடுங்க!" என்றார் ஒருவர். "கயிறு கட்டுங்க! கீறி ரத்தத்தை எடுங்க!" என்றார் இன்னொருவர்.

"எதுவும் வேண்டாம்! கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வச்சு உறிஞ்சக் கூடாது" என்று மருமகள் தடுத்தாள்.

அவள் பையனைப் படுக்க வைத்தாள். "பயப்படாதே தம்பி, மருந்து இருக்கு" என்றாள். கை வீங்கும் முன் காப்பைக் கழற்றினாள். கை அசையாமல் இருக்க ஒரு குச்சியை வைத்து, பழைய சேலைத் துணியால் தளர்வாகச் சுற்றினாள். பாம்பைத் தேடி அடிக்கக் கிளம்பியவர்களைத் தடுத்தாள். அவர்களையும் கடித்தால் என்ன செய்வது?

பிறகு தாளும் பென்சிலும் எடுத்து எழுதினாள்: 'பாம்பு கடித்த நேரம் காலை 7.40. வலது கை.'

அத்தை சும்மா இருக்கவில்லை. அரிவாளால் இரண்டு மூங்கில் வெட்டினார். சேலையை அதில் கட்டித் தூளி செய்தார். "மேட்டு வழி வேண்டாம். ஓடையை ஒட்டிப் போனா ரோடு சீக்கிரம் வந்துடும்" என்று வழி காட்டினார். பையனை நடக்க விடாமல் தூக்கிச் சென்றார்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். செல்போனில் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து ஒருவர் 108க்குப் பேசினார்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ கடிச்சது?" என்பதுதான். மருமகள் தாளை நீட்டினாள். பையனுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சில நாட்களில் அவன் வீடு திரும்பினான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குதான் முக்கியக் காரணம். இந்த நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்து உண்டு. மந்திரத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிரைக் குறைக்கும் நிமிடம்.

அந்த மருந்து எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அதிலிருந்து மருந்து எடுப்பார்கள். விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர் மக்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. காட்டறிவு பாம்பைப் பிடிக்கிறது. மருத்துவ அறிவு அதை மருந்தாக்குகிறது. இரண்டும் சேர்ந்து உயிரைக் காக்கின்றன.

அத்தையின் காட்டறிவும் மருமகளின் எழுத்தறிவும் அப்படித்தான். ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானா?

நினைவில் கொள்வோம்

1. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைப்போம்.
2. தனியாகப் போக மாட்டோம்.
3. தண்ணீர், கம்பு, துணி, விசில், டார்ச் இல்லாமல் கிளம்ப மாட்டோம்.
4. சருகைக் கையால் அள்ள மாட்டோம். கம்பால் தட்டிய பிறகே தொடுவோம்.
5. இரவு தங்கினால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்போம். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.
6. காட்டிலிருந்து வந்தபின் காய்ச்சல் கண்டால் ரத்தப் பரிசோதனை செய்வோம். மலேரியாவாக இருக்கலாம்.
7. நெருப்பை முழுவதும் அணைத்த பிறகே எழுவோம்.
8. பாம்பு கடித்தால் நேராக மருத்துவமனைக்குப் போவோம்.

பேசுவோம்

உங்கள் ஊரில் காட்டுக்கோ மலைக்கோ போகிறவர்கள் என்னென்ன எடுத்துப் போகிறார்கள்? உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த காட்டறிவில் எதை நாம் காப்பாற்ற வேண்டும்? எந்தப் பழக்கத்தை விட வேண்டும்?

செய்து பார்ப்போம்

வெயிலில் ஒரு குச்சி நட்டுக் கிழக்கு மேற்கு கண்டுபிடியுங்கள்.

விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது? விசாரியுங்கள். அதன் பெயரையும் 108, 112 என்ற எண்களையும் உங்கள் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.